14/2 ஒரு பகா எண்ணா? ஃப்ரைகாஸ், சேஜ், சிம்பை, மேக்சிமா: எதை எடுப்பது?

மேக்சிமா என்ற இயற்கணித மென்பொருளில் 14/2 என்று தட்டி, வந்த விடை பகா எண்ணா என்று கேட்டால் ஆம் என்கிறது. சேஜில் அதே இரண்டு வரிகளைத் தட்டினால் முதல் வரிக்கு 7 என்றும், இரண்டாவதற்கு இல்லை என்றும் பதில் வருகிறது. கூடவே ஓர் எச்சரிக்கை: நீங்கள் சோதிப்பது விகிதமுறு எண்களின் களத்தில் (பூச்சியமல்லாத எதாலும் வகுக்கக்கூடிய கணத்தில்); அங்கே விடை எப்போதும் இல்லை என்றுதான் வரும்; முழு எண்ணாகச் சோதிக்க வேண்டுமானால் முழு எண்ணாக மாற்றிக்கொண்டு கேளுங்கள். சிம்பை என்ற பைத்தான் நூலகத்துக்காகப் பைத்தானில் 14/2 என்று எழுதினால் 7 கூட வராது, 7.0 வரும்.

இவற்றில் எதுவும் வழு அல்ல. 7 எந்தக் கணத்தின் உறுப்பு என்று யார் முடிவு செய்கிறார்கள் என்பதில்தான் இவை வேறுபடுகின்றன. முதுகலை மாணவர்களும் கல்லூரி ஆசிரியர்களும் இயற்கணித மென்பொருளில் எதை நிறுவுவது என்று கேட்கும்போது, பேச்சு பெரும்பாலும் எது அதிகத் தொகையீடுகளைச் செய்யும், எது அழகாக வரைபடம் போடும் என்றே போகிறது. அந்த வசதிகள் எல்லாவற்றிலும் ஓரளவு இருக்கின்றன. ஒரு வருடம் பழகிய பிறகு உங்களுக்குக் கைகொடுப்பதும் காலை வாருவதும் இந்த வகை விஷயம்தான். அதனால் அதை மட்டுமே வைத்து இந்த நான்கையும் ஒப்பிடுகிறேன். நான்கும் இலவசம், விலை இங்கே ஒரு காரணியே அல்ல.

கட்டுரை முழுக்க மாறிகளைக் க, ச என்று எழுதுகிறேன். கணினியில் உங்களுக்குப் பழகிய எழுத்தைத் தட்டிக்கொள்ளுங்கள்.

## வகை ஏன் இவ்வளவு முக்கியம்?

க² − 2 என்பதைக் காரணிப்படுத்தச் சொன்னால், விகிதமுறு எண்களின் மீது முடியாது. மெய்யெண்களின் மீது (க − √2)(க + √2). மட்டு 7 இல், அதாவது 7 ஆல் வகுத்த மீதியை மட்டும் பார்த்தால், 3² = 9 ≡ 2 என்பதால் (க − 3)(க + 3). கேள்வி ஒன்று, சரியான விடை மூன்று. வகுப்பறையில் எந்தப் பாடம் நடக்கிறது என்பதே இதைத் தீர்த்துவிடும். கணினிக்கு அந்தச் சூழல் தெரியாது. ஒன்று நாம் சொல்ல வேண்டும், அல்லது எழுதிய வரியைப் பார்த்து அது ஊகிக்க வேண்டும். இந்த ஊகத்தைத்தான் வகை ஊகம் என்கிறேன். வெவ்வேறு வகையைச் சேர்ந்த இரண்டு பொருள்கள் ஒரே கூட்டலில் சந்திக்கும்போது, ஒன்றை மற்றொன்றின் வகைக்கோ இரண்டையும் மூன்றாவதொரு வகைக்கோ கேட்காமலே கொண்டுபோவது தானியங்கி வகைமாற்றம்.

ஹாஸ்கெல் போன்ற மொழிகளிலும் வகை ஊகம் உண்டு, ஆனால் அங்கே தானாக மாற்றுவது கிடையாது. அதனால் ஊகம் சுத்தமாக நடக்கிறது. இயற்கணிதத்தில் 1/2 + க என்று எழுதினால் யாரும் மாற்றுக் குறி போட விரும்பமாட்டார்கள். ஊகமும் மாற்றமும் ஒன்றாகச் சேரும்போதுதான் சிக்கல் பிறக்கிறது. 3 என்ற முழு எண்ணை, விகிதமுறு கெழுக்கள் கொண்ட பல்லுறுப்புக்கோவையாக மாற்ற இரண்டு வழிகள் உண்டு. முதலில் பின்னமாக்கிப் பிறகு பல்லுறுப்புக்கோவையாக்கலாம். முதலில் பல்லுறுப்புக்கோவையாக்கிப் பிறகு கெழுக்களைப் பின்னமாக்கலாம். எந்த வழியில் போனாலும் சேரும் இடம் ஒன்றாக இருக்க வேண்டும். இதற்கு யார் உத்தரவாதம் என்பதில் இந்த மென்பொருள்கள் பிரிகின்றன.

## எதை வைத்து அளக்கிறேன்

ஐந்து கேள்விகள்.

1. துல்லியமான எண்களோடு வேலை செய்யும்போது தசம எண் சத்தமில்லாமல் உள்ளே வர முடியுமா?
2. விடை எந்த வளையத்தில் (கூட்டலும் பெருக்கலும் செய்யக்கூடிய கணத்தில்) இருக்கிறது என்பது கண்ணுக்குத் தெரிகிறதா? மீப்பெரு பொது வகுத்தி (மீ.பொ.வ.), காரணி, சமம் ஆகிய மூன்றின் பொருளும் இதைப் பொறுத்தது.
3. ஒட்டாத இரண்டு பொருள்களைச் சேர்த்தால் மறுக்குமா, எதையாவது செய்துவிடுமா?
4. ஊகம் தவறினால் திருத்த வழி இருக்கிறதா? பிழைச்செய்தி புரிகிறதா?
5. திரையில் தட்டிய வரியைக் கோப்பில் எழுதினால் அதே பொருள் நிற்கிறதா?

ஐந்தில் எனக்கு மிக முக்கியம் முதலும் கடைசியும். மற்ற மூன்றில் ஏற்படும் தவறு பெரும்பாலும் பிழையாக வெளியே தெரியும். இவை இரண்டும் சரியான விடைபோலவே தோற்றமளிக்கும் தவறான விடையைத் தரக்கூடியவை.

## ஃப்ரைகாஸ்: எல்லாவற்றுக்கும் வகை, எல்லாவற்றையும் ஊகிக்கும்

இதன் வேர் ஐபிஎம் நிறுவனத்தின் வாட்சன் ஆய்வகம். ரிச்சர்ட் ஜென்க்ஸ் தலைமையில் ஸ்க்ராட்ச்பேட் என்ற பெயரில் வளர்ந்து, 1990களின் தொடக்கத்தில் ஆக்ஸியம் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. 2001 இல் சந்தையிலிருந்து விலக்கப்பட்டு, பின்னர் திறந்த மூலமானது. 2007 இல் பிரிந்த கிளைதான் ஃப்ரைகாஸ்.

இதன் முதல் சிறப்பு, ஒவ்வொரு விடைக்குக் கீழும் வகை அச்சாகும் வரி. 3 என்று தட்டினால் பாசிட்டிவ் இன்டிஜர். 2 − 3 என்றால் இன்டிஜர். 1/2 என்றால் ஃப்ராக்‌ஷன்(இன்டிஜர்). க/2 என்றால் பாலினாமியல்(ஃப்ராக்‌ஷன்(இன்டிஜர்)), அதாவது பின்னக் கெழுக்கள் கொண்ட பல்லுறுப்புக்கோவை. க/ச என்றால் அடுக்கு தலைகீழாகிறது: ஃப்ராக்‌ஷன்(பாலினாமியல்(இன்டிஜர்)), பல்லுறுப்புக்கோவைகளின் பின்னம். சைன் க என்றால் எக்ஸ்பிரஷன்(இன்டிஜர்). 1, 2/3, க மூன்றையும் ஒரு பட்டியலில் போட்டால் மூன்றையும் தாங்கக்கூடிய ஒரு பொது வகையைத் தேடிப் பிடித்து, எல்லா உறுப்புகளையும் அதற்கு மாற்றிவிடுகிறது. பட்டியலில் ஒரு சொற்சரத்தையும் சேர்த்தால் பொது வகை கிடைக்காது. எனி என்ற எதையும் கொள்ளும் வகைக்குப் போய்விடும்.

அந்த வகை வரியை முதல் வாரத்தில் எல்லோரும் தொந்தரவாகவே நினைப்பார்கள். என் அனுபவத்தில் மாணவர்களுக்கு வளையம், களம் என்ற சொற்களின் பொருளை அதைவிட நன்றாக உணர்த்திய ஒன்று இல்லை. 14/2 க்குக் கீழே ஃப்ராக்‌ஷன் என்று பார்த்ததுமே, பகா எண்ணா என்ற கேள்வியை இங்கே அப்படியே கேட்கக்கூடாது என்று தெரிந்துவிடுகிறது. (14/2)::இன்டிஜர் என்று எழுதி மாற்றிக்கொண்டால் தீர்ந்தது. (14/3)::இன்டிஜர் என்றால் மாற்ற முடியாது என்று நேராகச் சொல்லிவிடும்.

வகையின் அடுக்கு வரிசை விடையையே மாற்றும் என்பதற்கு நல்ல உதாரணம் (க² − 4)/(ச² − 4). இது பல்லுறுப்புக்கோவைகளின் பின்னம். பின்னங்கள் சேர்ந்து ஒரு களம். களத்தில் பூச்சியமல்லாத எதுவும் எதையும் வகுக்கும் என்பதால் பகாக் காரணி என்ற பேச்சுக்கு இடமில்லை. அதனால் வழக்கமான காரணிப்படுத்தும் செயலைக் கூப்பிட்டால் உங்களுக்குப் பயனுள்ள எதுவும் கிடைக்காது. தொகுதியையும் பகுதியையும் தனித்தனியே காரணிப்படுத்த ஃபாக்டர்ஃப்ராக்‌ஷன் என்று தனியே ஒரு செயல் வைத்திருக்கிறார்கள். கணிதப்படி இதுதான் சரி. இதை அறியாமல் வருகிறவர் மென்பொருள் பழுது என்று நினைத்து மூடிவிடுவார் என்பதும் உண்மை.

ஊகத்தைத் திருத்த மூன்று குறிகள் உண்டு. இவற்றின் வித்தியாசத்தை ஒருமுறை உட்கார்ந்து படித்துவிட்டால் பாதிக் கஷ்டம் போய்விடும். :: என்பது கணக்கை முடித்துவிட்டு விடையை மாற்றச் சொல்வது. (2/3)::ஃப்ளோட் என்றால் முதலில் பின்னம் உருவாகும், பிறகு அது தசமமாகும். @ என்பது தொடக்கத்திலேயே இந்த வகையில்தான் விடை வேண்டும் என்று சொல்லி, அதற்கேற்ற வகுத்தலைத் தேர்ந்தெடுக்க வைப்பது. $ என்பது ஒரே பெயரில் பல செயல்கள் இருக்கும்போது எந்த வகைக்குள் இருக்கும் செயல் என்று சுட்டுவது. மட்டு 7 இல் காரணிப்படுத்த வேண்டுமா? க² − 2 ஐப் பிரைம்ஃபீல்டு 7 மீதான ஒருமாறிப் பல்லுறுப்புக்கோவையாக :: போட்டு மாற்றுங்கள். பிறகு அதே பழைய காரணிப்படுத்தும் செயல் போதும். கொடி எதுவும் வேண்டாம். வகையே எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறது.

மறைவான செலவுகள் இங்கே இரண்டு.

முதலாவது பிழைச்செய்தி. பொருந்தும் செயல் கிடைக்காவிட்டால், இந்தப் பெயரில் இத்தனை செயல்கள் இருக்கின்றன, எதுவும் இந்த வகைகளுக்குப் பொருந்தவில்லை, @ அல்லது $ பயன்படுத்திப் பாருங்கள் என்ற பாணியில் ஒரு பத்தியே வரும். செய்தி உண்மைதான். ஆனால் எந்த இடத்தில் ஊகம் தடம் மாறியது என்று அது காட்டாது. அதற்கு பாட்டம்அப் என்ற செய்தி அமைப்பை இயக்கிவைத்தால், இன்டர்பிரெட்டர் எந்தெந்தச் செயல்களைப் பரிசீலித்தது, எதை ஏன் எடுத்தது என்று வரி வரியாகக் கொட்டும். முதலில் பயமுறுத்தும். பத்து முறை படித்தால் பழகிவிடும்.

இரண்டாவதுதான் பெரிய செலவு. வகை சொல்லாமல் நீங்கள் எழுதும் ஒரு சார்பை, முதன்முதலில் கூப்பிடும்போது அந்த உள்ளீட்டின் வகைக்கு ஏற்ப ஃப்ரைகாஸ் கம்பைல் செய்கிறது. வேறு வகையோடு கூப்பிட்டால் மறுபடியும் கம்பைல் செய்கிறது. ஊகிக்க முடியாமல் போனால் படிப்படியாக இன்டர்பிரெட் செய்து ஓட்டப் பார்ப்பதாகச் சொல்லும், வேகம் விழும். நிரந்தரமாக ஒரு நூலகம் எழுதப்போனால் ஸ்பேட் என்ற மொழிக்குப் போக வேண்டும். அங்கே இன்டர்பிரெட்டரின் தாராளம் கிடையாது. வகைகளையும் மாற்றங்களையும் நீங்களே எழுத வேண்டும். திரையில் ஓடிய வரி கோப்பில் கம்பைல் ஆகாது. ஐந்தாவது அளவுகோலில் இது தோல்விதான், ஆனால் சத்தமான தோல்வி. தவறான எண்ணைத் தந்துவிட்டுப் போகாது.

## சேஜ்: பெற்றோர் யார் என்று கேட்கும் முறை

வில்லியம் ஸ்டைன் 2005 இல் தொடங்கிய சேஜ், பைத்தானின் மேல் எழுப்பப்பட்டது. இங்கே ஒவ்வொரு கணிதப் பொருளுக்கும் ஒரு பெற்றோர் உண்டு. 7 இன் பெற்றோர் முழு எண்களின் வளையம். 14/2 இன் பெற்றோர் விகிதமுறு எண்களின் களம். அச்சில் இரண்டும் 7 தான். பெற்றோர் யார் என்று நீங்களாகக் கேட்டால்தான் தெரியும். ஃப்ரைகாஸ்போல் கேட்காமலே சொல்லாது. இரண்டாம் அளவுகோலில் சேஜ் இழக்கும் மதிப்பெண் இதுவே.

மூன்றாம் அளவுகோலில் அது முன்னே வருகிறது. தானாக மாற்றுவதற்கு எழுதப்பட்ட விதிகள் இருக்கின்றன. மாற்றம் அந்தக் கணத்தின் எல்லா உறுப்புகளுக்கும் வரையறுக்கப்பட்டிருக்க வேண்டும். கணித அமைப்பைக் காக்க வேண்டும். ஒரு பெற்றோரிலிருந்து இன்னொன்றுக்கு ஒரே ஒரு மாற்றம்தான் இருக்கலாம். இரண்டு மாற்றங்களை அடுத்தடுத்துச் செய்தாலும் நேராகச் செய்தாலும் ஒரே இடத்தில் முடிய வேண்டும். மேலே சொன்ன இரண்டு வழிச் சிக்கலுக்கு இது நேரடிப் பதில்.

இந்த விதிகளின் விளைவுகளைப் பாருங்கள். முழு எண்ணிலிருந்து மட்டு 5 க்குப் போவது தானாக நடக்கும். 3 (மட்டு 5) + 4 என்றால் 2. விகிதமுறு எண்ணிலிருந்து மட்டு 5 க்குத் தானாகப் போகாது, ஏனென்றால் 1/5 க்கு அங்கே இடமில்லை. 1/2 க்கு இடமிருக்கிறதே என்று நீங்கள் நினைத்தால் வெளிப்படையாக மாற்றச் சொல்ல வேண்டும். மட்டு 5 எண்ணையும் மட்டு 7 எண்ணையும் கூட்டச் சொன்னால் நேராக மறுத்துவிடும். இதே கூட்டலைப் பாரி/ஜிபி மென்பொருளில் தட்டினால், இரண்டு மட்டுகளின் மீ.பொ.வ. 1 என்பதால் மட்டு 1 இல் பூச்சியம் என்று வருகிறது. அதற்கும் ஒரு தத்துவம் உண்டு. என்றாலும் மாணவர் கையில் கொடுக்கும்போது மறுக்கும் மென்பொருளையே நான் விரும்புகிறேன்.

முழு எண் கெழுக்கள் கொண்ட பல்லுறுப்புக்கோவையும் 1/2 உம் சந்தித்தால், இரண்டில் எதிலும் விடை அடங்காது. அப்போது இரண்டையும் தாங்கும் மூன்றாவது பெற்றோரை, அதாவது விகிதமுறு கெழுக்கள் கொண்ட பல்லுறுப்புக்கோவை வளையத்தை, சேஜ் தானே கட்டிக்கொள்கிறது. மெய்யெண்களில் 200 பிட் துல்லியமும் 53 பிட் துல்லியமும் சந்தித்தால் விடை 53 பிட்டுக்கு இறங்கும். சிலருக்கு இது எரிச்சல். இல்லாத இலக்கங்களை இட்டுக்கட்டாமல் இருப்பதற்கான வழி அதுதான்.

மீ.பொ.வ. விஷயத்தில் சேஜ் ஒரு நல்ல சலுகை தருகிறது. களத்தில் மீ.பொ.வ. அலகு (தலைகீழி உள்ள உறுப்பு) வரைக்கும் மட்டுமே தீர்மானமாகும். 1 என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாலும் குற்றமில்லை. விகிதமுறு எண்களுக்கு, முழு எண்களின் மீ.பொ.வ. வோடு ஒத்துப்போகும் விடையையே தருகிறார்கள். பகா எண் சோதனையில் கண்டிப்பு, மீ.பொ.வ. வில் நெகிழ்வு. இரண்டுக்கும் பின்னால் ஒரே கொள்கை இல்லை என்பதையும் கவனிக்க வேண்டும்.

சமத்தில் ஒரு பள்ளம் உண்டு. மட்டு 5 இல் உள்ள 1, முழு எண் 1 க்குச் சமம் என்கிறது. முழு எண் 6 க்கும் சமம் என்கிறது. ஆனால் 1 உம் 6 உம் சமமல்ல. ஒப்பிடும்போதும் தானாக மாற்றுவதால் வரும் விளைவு இது. வெவ்வேறு பெற்றோரின் பொருள்களை ஒரே அகராதியின் சாவிகளாகப் போடாதீர்கள்.

சேஜின் உண்மையான மறைவான செலவு இதையெல்லாம் விடப் பெரியது. அது பைத்தானின் மேல் உட்கார்ந்திருக்கிறது. திரையில் நீங்கள் தட்டும் வரியைப் பைத்தானுக்குக் கொடுக்கும் முன் ஒரு முன்செயலி திருத்துகிறது. 1 என்ற எண்ணைச் சேஜின் முழு எண்ணாக்குகிறது. ^ குறியை அடுக்காக்குகிறது. அதே வரியைச் சாதாரணப் பைத்தான் கோப்பில் எழுதினால் முன்செயலி வராது. 1/2 என்பது 0.5 ஆகிவிடும். 2^3 என்பது பிட்களின் மீதான செயலாகி 1 ஆகிவிடும். எந்தப் பிழைச்செய்தியும் வராது.

இதில் நான் மாட்டியிருக்கிறேன். ஹில்பர்ட் அணியின் (உறுப்புகள் 1/(வரிசை எண் + நிரல் எண் − 1) என்ற பின்னங்களாக இருக்கும் அணி) அணிக்கோவைகளில், பகுதியின் பகாக் காரணிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். 4×4 அணிக்கு 1/6048000. பகுதி 2⁸ × 3³ × 5³ × 7. திரையில் எல்லாம் சரியாக வந்தது. பெரிய அணிகளுக்கு ஓட்டலாம் என்று அதே வரிகளைப் பைத்தான் கோப்புக்கு மாற்றினேன். அணியின் உறுப்புகள் எல்லாம் தசமமாகிவிட்டன. அணிக்கோவை 1.65 × 10⁻⁷ அருகே ஏதோ ஒரு எண். தசமத்துக்குப் பகுதி ஏது? பகுதியைக் கேட்டிருந்ததால் அன்றே கண்ணில் பட்டது. வெறும் மதிப்பை மட்டும் கேட்டிருந்தால் அந்தத் தசமத்தையே நம்பிக் குறித்துவைத்திருப்பேன். திரையிலேயே கூட, பைத்தானின் ரேஞ்ச் தரும் இரண்டு எண்களை ஒன்றால் ஒன்றை வகுத்தால் தசமம்தான் வரும். அவை முன்செயலியைத் தொடாத பைத்தான் எண்கள். சேஜின் சொந்த எஸ்ரேஞ்ச் பயன்படுத்தினால் இந்தத் தொல்லை இல்லை.

இன்னொன்று, குறியீட்டு வளையம். சேஜைத் திறந்ததும் தயாராக இருக்கும் மாறி, பல்லுறுப்புக்கோவை வளையத்தைச் சேர்ந்தது அல்ல. எல்லாவற்றையும் விழுங்கும் குறியீட்டு வளையத்தைச் சேர்ந்தது. உங்கள் பல்லுறுப்புக்கோவையில் அது ஒருமுறை கலந்துவிட்டால் விடை முழுவதும் குறியீட்டு வளையத்துக்குப் போய்விடும், வேகமும் பல செயல்களும் போய்விடும். வளையத்தை முதல் வரியிலேயே அறிவித்துவிடுவதுதான் பழக வேண்டிய பழக்கம்.

## சிம்பை: வகையே இல்லாத மரம்

சிம்பைக்கு வளையம், களம் என்ற சுமை முன்வாசலில் இல்லை. எல்லாமே கோவை மரம். பைத்தான் தெரிந்தவர் பத்து நிமிடத்தில் தொடங்கிவிடலாம்; அதற்கு வேண்டியதெல்லாம் எம்பிமேத் என்ற ஒரு சிறிய நூலகம்தான். சேஜ் பல ஜிகாபைட் இடம் கேட்கும்.

முன்செயலி கிடையாது என்பதால் திரையும் கோப்பும் ஒன்றே. ஐந்தாம் அளவுகோலில் முழு மதிப்பெண். ஆனால் முதல் அளவுகோலில் அதற்கு விலை கொடுக்கிறது. க + 1/2 என்று எழுதினால், சிம்பை பார்ப்பதற்கு முன்பே பைத்தான் 1/2 ஐ 0.5 ஆக்கிவிடும். 1 ஐ முதலில் சிம்பை எண்ணாக்கிப் பிறகு 2 ஆல் வகுக்க வேண்டும். அப்படிச் செய்தால் 14/2 துல்லியமான 7 ஆகவே வரும். பின்னமாக இருந்த நினைவு கூட இல்லாமல் முழு எண்ணாகச் சுருங்கிவிடும். பகா எண் சோதனைக்கு ஆம் என்ற விடையும் கிடைக்கும்.

வளையம் வேண்டும்போது கூப்பிடும் இடத்தில் சொல்ல வேண்டும்: காரணிப்படுத்தும்போது மட்டு 7 என்றோ, √2 சேர்த்து என்றோ கூடுதல் விவரமாகக் கொடுக்கலாம். பாலி என்ற வகையைப் பயன்படுத்தினால் கெழுக்களைப் பார்த்து அதுவே முழு எண் வளையம், விகிதமுறு களம் என்று ஊகித்துக்கொள்ளும். ஆழமான வேலைக்கு இந்தப் பின்வாசல் வழியாகத்தான் போக வேண்டியிருக்கும். அங்கே போனபின் சேஜின் பெற்றோர்களைத் தேடுவது போன்ற உணர்வு வந்துவிடும்.

சமம் இங்கே வடிவத்தின் சமம். (க + 1)² உம் க² + 2க + 1 உம் சமமா என்று இரட்டைச் சமக்குறி போட்டுக் கேட்டால் இல்லை என்கிறது. நேர்மறை என்று அறிவித்த க வும், அறிவிக்காத க வும் அச்சில் ஒன்றாகத் தோன்றும். உள்ளே இரண்டு வேறு மாறிகள். 1.13 பதிப்பிலிருந்து தசம 1.0 உம் முழு எண் 1 உம் கூடச் சமமல்ல. பழைய நிரல்களைப் புதுப்பிக்கும்போது இது கடிக்கும், ஆனாலும் நல்ல மாற்றம் என்றே சொல்வேன். தசமமும் துல்லிய எண்ணும் ஒன்றல்ல என்று அது ஒப்புக்கொண்டுவிட்டது.

## மேக்சிமா: பழைய வீடு

எம்ஐடியில் 1960களின் இறுதியில் தொடங்கிய மாக்சைமா (Macsyma) என்ற மென்பொருளின் வாரிசு. வகைகள் இல்லை. 1/2 துல்லியமாகவே இருக்கும். கல்லூரிக் கணிதத்துக்கு இதுவே போதும். இரண்டு வடிவங்கள் மட்டும் தெரிந்திருந்தால் நல்லது: பொதுக் கோவை, ராட் என்ற செயல் உருவாக்கும் நியம விகிதமுறு வடிவம். இரண்டும் கலந்தால் விடை நியம வடிவத்துக்குப் போகும், தொற்றுபோல.

இன்னொன்றையும் இது செய்கிறது: தசமத்தைப் பின்னமாக்கும். ராட் செயலுக்கு 0.1 ஐக் கொடுத்தால் 1/10 ஆக மாற்றினேன் என்று ஒரு வரி அச்சிட்டுவிட்டுத் தொடரும். சமன்பாடு தீர்க்கும்போதும் இது நடக்கும். அளந்து எடுத்த எண்ணை இப்படித் துல்லியமாக்குவது எனக்கு உவப்பில்லை, ஆனால் சொல்லிவிட்டுச் செய்கிறது. மட்டு 7 வேண்டுமானால் மாடுலஸ் என்ற பொது மாறியில் 7 ஐப் போட வேண்டும். திரும்ப எடுக்க மறந்தால் அடுத்த கணக்கும் மட்டு 7 லேயே நடக்கும். அதற்கு எச்சரிக்கை வராது.

## ஒரே பார்வையில்

| | ஃப்ரைகாஸ் | சேஜ் | சிம்பை | மேக்சிமா |
|---|---|---|---|---|
| 14/2 | 7. வகை பின்னம் | 7. பெற்றோர் விகிதமுறு களம் | பைத்தான் வரியில் 7.0, சிம்பை எண்ணாக்கினால் முழு எண் 7 | முழு எண் 7 |
| வகை தெரியுமா? | ஒவ்வொரு விடைக்கும் கீழே | கேட்டால் | பாலி வகையில் மட்டும் | வடிவம் மட்டும் |
| சதுர அணி + 1 | சதுர அணி வகையில் அலகு அணி கூடும் | அலகு அணி கூடும் | பிழை | ஒவ்வொரு உறுப்பிலும் 1 கூடும் |
| மட்டு 7 என்று சொல்வது | வகையாக | வளையமாக | கூப்பிடும்போது விவரமாக | பொது மாறியாக |
| திரையும் கோப்பும் | ஸ்பேடில் மாறும், பிழை காட்டும் | பைத்தான் கோப்பில் மாறும், காட்டாது | ஒன்றே | ஒன்றே |

அட்டவணையின் மூன்றாம் வரிசையைச் சற்று நின்று பாருங்கள். சதுர அணிகள் ஒரு வளையம், அந்த வளையத்தின் 1 அலகு அணி. எனவே ஃப்ரைகாஸும் சேஜும் சொல்வது இயற்கணிதத்தின் விடை. மேக்சிமா சொல்வது பட்டியல்களின் விடை. சிம்பை எது என்று நீங்களே சொல்லுங்கள் என்கிறது. கெய்லி–ஹாமில்டன் தேற்றத்தை (சதுர அணி தன் சிறப்பியல்புச் சமன்பாட்டை நிறைவு செய்யும் என்பதை) சரிபார்க்க, ஒரு பல்லுறுப்புக்கோவையில் அணியைப் பிரதியிடும்போது இந்த ஒரு 1 தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது.

## எந்த நிலையில் எது

எண்கோட்பாடு, முடிவுறு களங்கள், குறியீட்டியல், நீள்வட்ட வளைவரைகள் என்று வேலை செய்பவர் சேஜை எடுக்க வேண்டும். இதில் எனக்குத் தயக்கம் இல்லை. வெவ்வேறு வளையங்களுக்கிடையே நாள் முழுக்கப் போய்வருபவருக்கு எழுதப்பட்ட விதிகளும் மறுக்கும் துணிவும் வேண்டும். பெரிய நிரலை எழுதும்போது கோப்புகளைச் சேஜின் சொந்தக் கோப்பு வகையில் சேமியுங்கள். முன்செயலி அங்கும் வேலை செய்யும். சாதாரணப் பைத்தான் கோப்புதான் வேண்டுமென்றால் ஒவ்வொரு எண்ணையும் கையால் முழு எண்ணாக்குங்கள்.

கற்பிப்பவருக்கும், இயற்கணித அமைப்பையே சிந்திப்பவருக்கும் ஃப்ரைகாஸ். பல்லுறுப்புக்கோவையின் கெழுவாக அணியையும், அந்த அணியின் உறுப்பாகப் பின்னத்தையும் வைத்து ஒரு வகையைக் கட்டி, அதில் கணக்குப் போடும் சுகம் இதில் தனி. தொகையிடலிலும், தொகையீட்டை அடிப்படைச் சார்புகளில் எழுத முடியுமா என்று தீர்மானிக்கும் ரிஷ் வழிமுறையைச் செயல்படுத்தியிருப்பதால், இது வலுவானது. ஆனால் உடன் வேலை செய்பவர் யாரும் இதை அறியாதவர்களாக இருந்தால், பிழைச்செய்திகளோடு தனியாகப் போராட வேண்டியிருக்கும். சேஜிலிருந்தே ஃப்ரைகாஸைக் கூப்பிடும் வசதி இருக்கிறது; தொகையிடலுக்கு மட்டும் வேண்டியவர்களுக்கு அது போதும்.

ஏற்கெனவே பைத்தான் நிரல் ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது, அதன் நடுவில் ஒரு வகைக்கெழுவோ சூத்திரமோ தேவைப்படுகிறது என்றால் சிம்பை. இயற்பியல், பொறியியல் மாணவர்களில் பெரும்பாலோர் இந்த நிலையில்தான் இருக்கிறார்கள். சேஜின் பெற்றோர்களை அவர்கள் மேல் சுமத்த வேண்டியதில்லை. துல்லியமான பின்னம் எழுதும் வழியை முதல் நாளே கைப்பழக்கமாக்கிக்கொண்டால் போதும்.

பழைய மடிக்கணினி, இணையம் மெதுவானது, நுண்கணிதமும் நேரியல் இயற்கணிதமும்தான் தேவை என்றால் மேக்சிமா.

கடைசியாக, சொந்தமாக ஒரு சிறிய இயற்கணித இன்டர்பிரெட்டர் எழுதிப் பார்க்கும் ஆசையில் எதைப் பின்பற்றுவது என்று கேட்கும் சிலர் இருக்கிறார்கள். ஃப்ரைகாஸின் முழு ஊகத்தை முதலில் முயலாதீர்கள். பொருந்தும் செயலைத் தேடுவதும் பொது வகையைத் தேடுவதும் ஒன்றையொன்று பின்னிக்கொண்டு வளர்ந்துவிடும். முழு எண், பின்னம், ஒருமாறிப் பல்லுறுப்புக்கோவை, மட்டு எண் என்று நான்கு பெற்றோர்களோடு தொடங்குங்கள். தானாகப் போகும் மாற்றங்களை ஓர் அட்டவணையில் எழுதுங்கள். அட்டவணையில் இல்லாத கூட்டலை மறுத்துவிடுங்கள். ஃப்ரைகாஸிடமிருந்து ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்: ஒவ்வொரு விடைக்குக் கீழும் அதன் வகையை அச்சிடும் அந்த ஒரு வரி. நிரலில் அதற்கு ஆகும் வேலை மிகச் சிறிது. 14/2 க்குக் கீழே அது என்ன அச்சிட வேண்டும் என்று முடிவெடுக்கத்தான் உங்களுக்கு ஒரு மாலை நேரம் தேவைப்படும்.